ஜட்ஜா இருந்தவர் சபாநாயகர் ஆனது சரியா? கே.எஸ். ஹெக்டே பத்தி ஒரு சந்தேகம்

மாலைவாசிப்பு:

எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டம் மூணாவது வருஷம் படிக்கிறேன். போன வாரம் கிளாஸ்ல கேசவானந்த பாரதி கேஸ், அதாவது அரசியல் சட்டத்தைத் திருத்த பார்லிமென்டுக்கு எவ்வளவு அதிகாரம்னு முடிவு பண்ண 1973 கேஸ், ஓடிட்டு இருந்துச்சு. தீர்ப்பு வந்த மறுநாளே மூணு சீனியர் ஜட்ஜுங்களைத் தாண்டி ஏ.என். ரேயை சீஃப் ஜஸ்டிஸ்னு அறிவிச்சாங்க, ஷெலட், ஹெக்டே, குரோவர் மூணு பேரும் ராஜினாமா பண்ணிட்டாங்கன்னு புக்ல ரெண்டே வரி. அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு ஒண்ணுமே இல்ல. நானா தேடிப் பாத்தேன், ஹெக்டே 1977 எலெக்‌ஷன்ல ஜனதா கட்சி சார்பா நின்னு ஜெயிச்சு அதே வருஷம் லோக்சபா சபாநாயகர் ஆயிட்டார்னு இருக்கு.

இதை கிளாஸ்ல சொன்னதும் ரெண்டு கோஷ்டி ஆயிடுச்சு. ஒரு பக்கம், அநியாயமா ஒதுக்கினாங்க, அவர் நேரா ஜனங்க கிட்ட போனார், அதுல என்ன தப்புங்கிறாங்க. இன்னொரு பக்கம், நாலு வருஷத்துல கட்சிக்காரரா நிக்கறவர் முன்னாடி எழுதின தீர்ப்பை எல்லாம் இனிமே எப்படி நம்பி படிக்கறதுங்கிறாங்க. ரெண்டாவது பேச்சு என்னை ரொம்ப உறுத்துது, ஏன்னா நிர்வாகச் சட்டத்துல நாங்க முதல்ல படிச்ச கிரைபக் கேஸ் தீர்ப்பே அவர் எழுதினதுதான், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு. ஜட்ஜ் கட்சியில சேர சட்டத்துல தடை இருக்கா, அவர் எப்படி அங்க போய் சேந்தார், சபாநாயகரா எப்படி இருந்தார், விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்களேன்.

பாரிமுனை வக்கீல்:

தம்பியா தங்கச்சியா தெரியல, படிக்கிற பிள்ளைன்னு சொன்னதால உரிமையோட எழுதறேன். நீங்க கேட்ட கேள்வியிலயே ஒரு பாதி விட்டுப்போயிருக்கு. ஹெக்டே ஜட்ஜா இருந்து அரசியலுக்கு வந்தவர் இல்ல. அரசியல்ல இருந்து ஜட்ஜா போய், திரும்ப அரசியலுக்கு வந்தவர். இந்த வரிசை தெரிஞ்சாதான் மத்தது புரியும்.

1909ல கார்கள தாலுகாவுல காவடூர்ங்கிற ஊர்ல பொறந்தவர். இன்னைக்கு அது கர்நாடகா, அன்னைக்கு மெட்ராஸ் ராஜதானியோட தென் கன்னட ஜில்லா. அதனால மேல்படிப்புக்கு மெட்ராஸுக்குதான் வந்தார், பிரசிடென்சி காலேஜ், அப்புறம் நம்ம லா காலேஜ். ஹை கோர்ட் காம்பவுண்டுக்குள்ள இருந்துச்சே, 2018ல பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிச்சு மாத்தினாங்களே, அதேதான். நான் படிச்சதும் அங்கதான், அதனால அவர் பேரைக் கேட்டாலே எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு. இன்னொண்ணு கேளுங்க, கேசவானந்த பாரதி சுவாமிகளோட எடநீர் மடம் இருக்கறது காசர்கோடு பக்கம், அதுவும் அதே பழைய தென் கன்னட ஜில்லாதான். கேஸ் போட்டவரும் தீர்ப்பு எழுதினவர்ல ஒருத்தரும் ஒரே ஜில்லாக்காரங்க.

ஊர்ல வக்கீலா இருந்து, 1947லேர்ந்து 1951 வரைக்கும் அரசு வக்கீலாவும் பப்ளிக் பிராசிக்யூட்டராவும் இருந்துட்டு, 1952ல காங்கிரஸ் சார்பா மெட்ராஸ் மாநிலத்துலேர்ந்து ராஜ்யசபாவுக்கு போனார். அங்க துணைத் தலைவர்கள் பேனல்ல இருந்தார், அதாவது சபையை நடத்தற பழக்கம் அப்பவே உண்டு. 1957ல எம்பி பதவியை விட்டுட்டு மைசூர் ஹை கோர்ட் ஜட்ஜ். 1966 அக்டோபர் 31ல டில்லி ஹை கோர்ட் ஆரம்பிச்சப்ப அதோட முதல் சீஃப் ஜஸ்டிஸ் அவர்தான். 1967 ஜூலையில சுப்ரீம் கோர்ட்.

இப்ப 1973. கேசவானந்தா தீர்ப்பு ஏப்ரல் 24ம் தேதி. 13 ஜட்ஜ், 68 நாள் வாதம், 7க்கு 6. பார்லிமென்ட் எந்த ஷரத்தையும் திருத்தலாம், ஆனா அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாதுன்னு சொன்ன ஏழு பேர்ல ஷெலட், ஹெக்டே, குரோவர் மூணு பேரும் உண்டு. ஹெக்டேயும் முகர்ஜியாவும் சேந்து ஒரே தீர்ப்பா எழுதினாங்க. ரே எதிர்ப்பக்கம் ஆறு பேர்ல. சீஃப் ஜஸ்டிஸ் சிக்ரி ரிட்டையர் ஆகறது ஏப்ரல் 25, ரே பதவி ஏத்தது 26. 30ம் தேதி ஹெக்டே வெளிய வந்துட்டார். வயசுக் கணக்கு போட்டுப் பாருங்க, வழக்கமான சீனியாரிட்டி படி போயிருந்தா ஷெலட் ஜூலை வரைக்கும் சீஃப், அப்புறம் ஹெக்டே 1974 ஜூன் வரைக்கும், ஏறக்குறைய பதினோரு மாசம். அந்தப் பதினோரு மாசத்தைத்தான் அவர்கிட்டேர்ந்து எடுத்தாங்க.

அரசாங்கம் சார்பா லோக்சபாவுல இதை நியாயப்படுத்திப் பேசினவர் மோகன் குமாரமங்கலம், நம்ம சுப்பராயன் மகன், அப்ப எஃகு சுரங்க அமைச்சர். ஜட்ஜோட சமூகப் பார்வை என்னன்னு அரசாங்கம் பாக்கலாம்ங்கிறதுதான் அவர் வாதம். இன்னொரு வாதமும் வெச்சார், சீனியாரிட்டி மட்டும் பாத்து சீஃப் ஜஸ்டிஸ் போடக்கூடாதுன்னு 1958ல சட்ட கமிஷனோட 14வது அறிக்கையே சொல்லியிருக்குன்னு. அது உண்மைதான், அறிக்கையில இருக்கு. ஆனா தகுதி பாக்கச் சொன்னதும், பிடிக்காத தீர்ப்பு சொன்னவங்களை ஒதுக்கறதும் ஒண்ணு இல்லையே. அப்ப சட்ட அமைச்சரா இருந்த கோகலே கூட பாம்பே ஹை கோர்ட் ஜட்ஜா இருந்துட்டு வந்தவர்தான்ங்கிறதை இங்க சொல்லி வெக்கறேன். பெஞ்சுக்கும் சபைக்கும் நடுவுல இருந்த சுவர் எந்தக் காலத்துலயும் அவ்வளவு உசரம் இல்ல.

சட்டத்துல தடை இருக்கான்னு கேட்டீங்க. அரசியலுக்கு வரத் தடை கிடையாது. 124(7) படி சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்தவர் இந்தியாவுல எந்த கோர்ட்லயும் வாதாட முடியாது, அவ்வளவுதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, 63 வயசுல வெளிய வந்தவருக்கு, தெரிஞ்ச ஒரே தொழிலோட கதவு சாத்தியிருக்கு, ஓட்டு கேக்கற கதவு திறந்திருக்கு.

நேர்ப்பேச்சு:

வக்கீல் சார் விவரமா எழுதியிருக்கீங்க, மதிக்கிறேன். ஆனா நான் அந்த ரெண்டாவது கோஷ்டி. ஹெக்டேக்கு நடந்தது அநியாயம்தான், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. அநியாயம் நடந்துச்சுங்கிறதுக்காக அடுத்து அவர் எடுத்த வழி சரின்னு ஆயிடாது இல்லையா.

ஒரு கேஸ்காரனா நின்னு பாருங்க. நான் அரசாங்கத்துக்கு எதிரா ஒரு ஜட்ஜ் முன்னாடி ஜெயிக்கிறேன், நாளைக்கு அந்த ஜட்ஜ் எதிர்க்கட்சி எம்பி ஆகறார். தோத்தவன் என்ன நினைப்பான்? அன்னைக்கே இவர் மனசு அந்தப் பக்கம்தான்னு நினைப்பான். அவர் உண்மையில நேர்மையா இருந்திருக்கலாம், ஆனா சந்தேகம் வந்த பிறகு அதைத் துடைக்க வழி இல்ல. ஜட்ஜ் தொழில்ல நியாயம் பண்றது மட்டும் பத்தாது, பண்ணின மாதிரி தெரியவும் வேணும்.

ஹெக்டேயை ஒத்துக்கிட்டா பஹருல் இஸ்லாமையும் ஒத்துக்கணும் இல்ல? அவரும் முதல்ல காங்கிரஸ் ராஜ்யசபா எம்பி, 1972ல எம்பி பதவியை விட்டுட்டு குவாஹாட்டி ஹை கோர்ட் ஜட்ஜ், அங்கயே சீஃப் ஜஸ்டிஸ், 1980ல ரிட்டையரும் ஆயிட்டார். அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுக்கு கூட்டிட்டு வந்தாங்க. 1982 டிசம்பர்ல பீகார் காங்கிரஸ் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ரா மேல இருந்த கேஸை வாபஸ் வாங்கலாம்னு சொன்ன பெஞ்சுல மெஜாரிட்டி பக்கம் இருந்தார். அடுத்த மாசம் ராஜினாமா, பார்பேட்டாவுல காங்கிரஸ் வேட்பாளர். அங்க எலெக்‌ஷன் நடக்கல, அதே 1983ல ராஜ்யசபாவுக்கு போயிட்டார். இதைப் படிக்கறப்ப வயிறு எரியுது இல்ல? வெளிய இருந்து பாக்கறவனுக்கு ரெண்டு பேர் பாதையும் ஒரே மாதிரிதான தெரியும், எம்பி, ஜட்ஜ், ராஜினாமா, எம்பி.

இப்ப 2019 நவம்பர்ல ரிட்டையர் ஆன சீஃப் ஜஸ்டிஸ் ரஞ்சன் கோகோயை 2020 மார்ச்ல ராஜ்யசபாவுக்கு நியமிச்சாங்க. நாலு மாசம். ரிட்டையர் ஆன ஜட்ஜுங்க அரசாங்க வேலை எதையும் ஏத்துக்கக் கூடாதுன்னு அதே 14வது அறிக்கை சொல்லுச்சு, அதை மட்டும் யாரும் எடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. என்னைக் கேட்டா அஞ்சு வருஷம் எந்தப் பதவியும், எந்தக் கட்சியும் கூடாதுன்னு சட்டமே வரணும், ஹெக்டேயா இருந்தாலும் சரி.

மாலைவாசிப்பு:

வக்கீல் சார், ரொம்ப நன்றி, நான் படிப்பைப் பத்தி மட்டும்தான் சொன்னேன், நான் தங்கச்சிதான். நேர்ப்பேச்சு அண்ணா சொல்ற கேஸ்காரன் விஷயம் நான் யோசிக்கவே இல்ல, அது நியாயமா படுது, அதனாலயே குழப்பம் இன்னும் கூடிடுச்சு. அவர் சபாநாயகரா என்ன பண்ணார்னு யாராவது சொல்ல முடியுமா? ஜட்ஜா இருந்தது அந்த நாற்காலியில உதவுச்சான்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

செயலகம் ஓய்வு:

வணக்கம்மா. நான் சட்டமன்றச் செயலகத்துல முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு வந்தவன், சபாநாயகர் நாற்காலியைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதனால இதுல கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கணும்.

முதல்ல ஒரு சின்ன விஷயத்தைச் சரி பண்ணிடறேன். ஜெயிச்சதும் பரிசு மாதிரி ஹெக்டேவை சபாநாயகர் ஆக்கினாங்கன்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. 1977 மார்ச்ல முதல்ல சபாநாயகர் ஆனது நீலம் சஞ்சீவ ரெட்டி. அவர் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறதுக்காக ஜூலை 13ல விலகினார், ஜூலை 21ல ஹெக்டே வந்தார். எலெக்‌ஷன்ல அவர் ஜெயிச்சதும் லேசான விஷயம் இல்ல. வடக்க ஜனதா அலை அடிச்சப்ப கர்நாடகாவுல 28 சீட்ல 26 காங்கிரஸுக்குப் போச்சு. ஜனதாவுக்கு வந்தது ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு ஹெக்டேயோட பெங்களூர் தெற்கு.

இப்ப நீ கேட்ட கேள்வி. கோர்ட்ல ஜட்ஜ் பேசினா மத்தவங்க அமைதியாகணும். சபையில சபாநாயகர் எழுந்து நின்னாலும் அமைதியாகணும்னு விதி இருக்கு, ஆனா ஆக மாட்டாங்க. கோர்ட்ல தீர்ப்பு ஜட்ஜோடது. சபையில தீர்ப்பு ஓட்டோடது, சபாநாயகர் ரெண்டு பக்கமும் சமமா விழுந்தாதான் ஓட்டே போடணும், 100வது ஷரத்து. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஒரு இடத்துல மட்டும் ரெண்டும் ஒண்ணாயிடும், உரிமை மீறல் விவகாரம் வரும்போது. அப்ப சபையே கோர்ட் மாதிரி உக்காந்து ஒருத்தரை விசாரிச்சு தண்டனையும் குடுக்கும். ஹெக்டே காலத்துல வந்தது சாதாரண ஆளோட விவகாரமா, இந்திரா காந்தி விவகாரம்.

1975ல, இந்திரா பிரதமரா இருந்தப்ப, அவங்க மகன் சஞ்சய் காந்தியோட மாருதி கார் கம்பெனி பத்தி லோக்சபாவுல ஒரு கேள்வி, அதுக்கு பதில் தயார் பண்ண தகவல் சேகரிச்ச அதிகாரிங்களை இந்திரா தொந்தரவு பண்ணாங்கன்னு புகார். உரிமைக் குழு விசாரிச்சு, சபையை அவமதிச்சது உண்மைன்னு அறிக்கை குடுத்துச்சு. 1978 நவம்பர்லதான் இந்திரா சிக்மகளூர் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு சபைக்குள்ள வந்திருந்தாங்க. டிசம்பர் 19ம் தேதி அவங்களை சபையை விட்டு நீக்கி, கூட்டத்தொடர் முடியற வரைக்கும் ஜெயில்ல வெக்கணும்னு தீர்மானம் நிறைவேறுச்சு. திஹார்ல ஒரு வாரம் இருந்தாங்க.

அந்தத் தீர்மானம் வந்தா அதை நிறைவேத்த உத்தரவு போட வேண்டியது சபாநாயகர். எந்த அம்மாவோட அரசாங்கம் தன்னை சீஃப் ஜஸ்டிஸ் ஆகவிடாம தள்ளிச்சோ, அதே அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பற உத்தரவு. இதை நான் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன்மா. சபையோட முடிவுக்கு அவர் வெறும் வாய்தான், அவரா தண்டனை குடுக்கலன்னு விதிப்படி சொல்லலாம், அது சரியான வாதம்தான். ஆனா கோர்ட்டா இருந்திருந்தா, இந்த ஆளோட எனக்கு பழைய கணக்கு இருக்கு, நான் இதைக் கேக்க மாட்டேன்னு ஒரு ஜட்ஜ் எழுந்து போயிருப்பார். சபாநாயகருக்கும் விலகி நிக்க வழி இருக்கு, துணை சபாநாயகரை உக்கார வெக்கலாம், தன் மேலயே நீக்கத் தீர்மானம் வந்தா நாற்காலியில உக்காரவே கூடாதுன்னு ஷரத்து இருக்கு. பழைய கணக்குக்குன்னு ஷரத்து எதுவும் கிடையாது, அது அவரவர் மனசுக்கு விட்டது. என் மனசுக்கு, அன்னைக்கு ஹெக்டே விலகி நின்னிருக்கலாம்னு படுது. 1981 மே மாசம் அடுத்த லோக்சபா அந்த முடிவையே ரத்து பண்ணி, அது தப்புன்னு பதிவு பண்ணுச்சு.

மத்தபடி அவருக்கு வாய்ச்ச காலமும் கஷ்டமான காலம். எமர்ஜென்சியில போட்ட 42வது திருத்தத்தைப் பிரிச்சு மேய்ஞ்ச 44வது திருத்தம் அவர் சபையிலதான் நடந்துச்சு. அதுலதான் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியல்லேர்ந்து போய், 300ஏ ஷரத்துல வெறும் சட்ட உரிமை ஆச்சு. பேங்க் தேசியமயக் கேஸ்ல 1970ல நஷ்டஈடு விஷயத்துல அரசாங்கத்துக்கு எதிரா தீர்ப்பு சொன்ன பத்து பேர்ல ஹெக்டேயும் ஒருத்தர், அங்க தனியா எதிர்த்து எழுதினது ரே. கோர்ட்ல காப்பாத்தின உரிமை, தான் தலைமை தாங்கற சபையில கீழ இறங்கறதைப் பாத்துக்கிட்டு ஓட்டெண்ணி முடிவை அறிவிக்கணும். அதை அவர் பண்ணார். சபாநாயகர்னா அதுதான்.

1979 ஜூலையில மொரார்ஜி அரசு கவிழ்ந்துச்சு, சரண் சிங் வந்தார், ஒரு நாள் கூட லோக்சபாவைப் பாக்காமலே ஆகஸ்ட் 20ல விலகினார், 22ல சபை கலைஞ்சுது. கட்சித் தாவல் சட்டம் அப்ப கிடையாது, அது 1985லதான். காலையில ஒரு பக்கம் உக்காந்தவர் மத்தியானம் எதிர்ப்பக்கம் உக்காருவார், சபாநாயகர் சீட்டை மாத்திக் குடுக்கறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது. சபை கலைஞ்சாலும் சபாநாயகர் பதவி கலையாது, புது சபை கூடற வரைக்கும் இருக்கணும், அதனால அவர் 1980 ஜனவரி வரைக்கும் இருந்தார். இதுல பலபேர் கவனிக்காத ஒண்ணு, 1979 ஆகஸ்ட் 31ல ஹிதாயத்துல்லா துணை ஜனாதிபதி ஆனார், அதனால ராஜ்யசபா தலைவர். ஆக அந்த சில மாசம் ரெண்டு சபையோட நாற்காலியும் முன்னாள் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க கையில. மன்னர் மானியக் கேஸ்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க ரெண்டு பேரும்.

கொக்குவில்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்கேக்க எங்கட விக்னேஸ்வரன் ஐயான்ர ஞாபகம் வந்தது. அவர் ஹெக்டே மாதிரி முதல்ல அரசியலில இருந்தவர் இல்லை, முழுக்க நீதிமன்றம்தான், 2004ல உயர் நீதிமன்ற (உங்கட சுப்ரீம் கோர்ட் மாதிரி) நீதியரசரா இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருசம் கழிச்சு, 2013 செப்டெம்பரில வட மாகாண சபைத் தேர்தல், அவர் நிண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடத்தில 30 எடுத்தது, அவருக்கு மட்டும் ஒரு லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல விருப்பு வாக்கு. சனம் ஒரு நீதிபதி எண்ட மரியாதையிலதான் போட்டது, எங்கட வீட்டில அம்மாவும் அப்பிடித்தான் போட்டவ.

நான் சொல்ல வந்தது வேற. முதலமைச்சரா இருக்கேக்க, 2017ல தன்ர அமைச்சர்மாருக்கு எதிரா முறைப்பாடு வந்தோடன அவர் விசாரணைக் குழு ஒண்டு போட்டார். அறிக்கை வந்தது, ரெண்டு பேரைப் பதவி விலகச் சொன்னார், குற்றம் காணப்படாத மற்ற ரெண்டு பேரையும் ஒரு மாசம் லீவில நிக்கச் சொன்னார். நீதிபதியா பாத்தா விசாரிச்சு முடிவு எடுத்திருக்கிறார். ஆனா சபையில தன்ர பக்க உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோய் ஆளுநரிட்டக் குடுத்தினம், பிறகு அதைத் திருப்பி எடுத்தவை. நீதிமன்றத்தில தீர்ப்பு வாசிச்சா அலுவல் முடிஞ்சுது, சபையில தீர்ப்பு வாசிச்ச பிறகுதான் அலுவலே துவங்குது. அதால தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்ர பதில், நீதிபதிப் பழக்கம் பாதி தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும்.

பாரிமுனை வக்கீல்:

செயலகம் ஐயா எழுதினதைப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அந்த உத்தரவு விஷயத்துல நான் இதுவரைக்கும் ஹெக்டே பக்கமே பேசிட்டு இருந்தவன். உங்க பேச்சை ஏத்துக்கறேன் ஐயா, அன்னைக்கு அவர் விலகியிருந்தா அவர் பேர் இன்னும் உசந்திருக்கும்.

நேர்ப்பேச்சுக்கு மட்டும் ஒரு பதில். ரெண்டு பேர் பாதையும் ஒரே மாதிரி தெரியும்னீங்க. யார் எதைக் குடுத்தாங்கன்னு பாருங்க, அங்க பிரிஞ்சுடும். ஹெக்டே எந்த அரசாங்கத்தோட கேஸை விசாரிச்சாரோ, அந்த அரசாங்கம் அவருக்கு எதுவும் தரல, இருந்ததைப் பிடுங்குச்சு. பஹருல் இஸ்லாமுக்கு டிக்கெட் குடுத்தது யாரோட கேஸை விசாரிச்சாரோ அதே கட்சி. ஹெக்டே நாலு வருஷம் எந்தப் பதவியும் இல்லாம இருந்து, எமர்ஜென்சியையும் பாத்துட்டு, தோக்கறதுக்கு வாய்ப்பு அதிகமா இருந்த மாநிலத்துல ஓட்டு கேட்டார். நியமனம் வேற, தேர்தல் வேற. கிருஷ்ணய்யர் 1957ல கேரளாவுல அமைச்சர், 1968ல ஹை கோர்ட் ஜட்ஜ், அப்புறம் சுப்ரீம் கோர்ட். நம்ம ரத்தினவேல் பாண்டியன் திமுக மாவட்டச் செயலாளரா இருந்து மெட்ராஸ் ஹை கோர்ட்டுக்கு வந்தவர், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். அவங்க தீர்ப்பை கட்சி பாத்தா படிக்கிறோம்? காரணம் எழுதியிருக்காங்க, காரணத்தைப் படிக்கிறோம், ஒத்துவரலன்னா ஒத்துவரலங்கிறோம். ஆனா உங்க அஞ்சு வருஷச் சட்டம் வந்தா நானும் ஆதரிப்பேன், அதுல எனக்கு சண்டை இல்ல.

தங்கச்சி, இதையும் தெரிஞ்சுக்கோ, ராஜ் நாராயண் இந்திரா மேல போட்ட தேர்தல் வழக்கு அலகாபாத்ல நடக்கும்போதே, 1972ல அதுலேர்ந்து ஒரு அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்துச்சு, தீர்ப்பு எழுதின பெஞ்சுல ஹெக்டே, அது ராஜ் நாராயணுக்கு சாதகமா போச்சு. அவரை ஒதுக்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு அப்ப பேச்சு உண்டு. அந்தத் தீர்ப்பை 1977 எலெக்‌ஷனை மனசுல வெச்சுப் படிக்காதே, 1972 தேதியை வெச்சுப் படி. அப்ப அவருக்கு முன்னாடி இருந்தது சீஃப் ஜஸ்டிஸ் நாற்காலி. அரசாங்கத்தைப் பகைச்சா போறது அதுதான்னு தெரியாத ஆள் இல்ல அவர்.

நேர்ப்பேச்சு:

சார், யார் குடுத்தாங்கன்னு பாக்கணும்ங்கிறது நல்ல அளவுகோல், எடுத்துக்கறேன். எலெக்‌ஷனும் நியமனமும் வேறங்கிறதையும் ஒத்துக்கறேன். ஆனா தோத்த கேஸ்காரன் இவ்வளவு விவரம் பாக்க மாட்டான், அதனால அஞ்சு வருஷத்துல நான் நிக்கறேன். 1980க்கு அப்புறம் ஹெக்டே பாஜகவுல துணைத் தலைவராவும் இருந்தார், அதையும் தங்கச்சி குறிப்புல எழுதிக்கட்டும், பிடிச்சதை மட்டும் எழுதக் கூடாது.

செயலகம் ஓய்வு:

இன்னும் ஒண்ணு சேத்துடறேன். 1985க்கு அப்புறம் பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் சட்டப்படி, எம்எல்ஏ தகுதி நீக்கத்தை முடிவு பண்றது சபாநாயகர், அங்க அவர் ஒரு தீர்ப்பாயம் மாதிரின்னு 1992ல கிஹோட்டோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல 2017ல 18 பேரை நீக்கினப்ப ஹை கோர்ட்லயே ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா சொல்லி, மூணாவது ஜட்ஜ் வந்துதான் 2018 அக்டோபர்ல முடிஞ்சுது. 2020ல மணிப்பூர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கட்சிக்காரரா இருக்கற சபாநாயகர்கிட்ட இந்த வேலையை விடணுமா, ரிட்டையர் ஆன ஜட்ஜ் தலைமையில தனி தீர்ப்பாயம் வெக்கலாமான்னு பார்லிமென்ட் யோசிக்கட்டும்னுச்சு. இதுவரைக்கும் வெக்கல. ஜட்ஜா இருந்தவர் கட்சிக்காரரா ஆகி சபாநாயகரும் ஆனா, அவரை இதுல எந்தப் பக்கம் சேக்கறதுன்னு உன் கிளாஸ்ல கேட்டுப் பாரும்மா.

மாலைவாசிப்பு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீங்கன்னு நினைக்கல. பாஜக விஷயமும் எழுதிக்கிட்டேன் அண்ணா.

செயலகம் ஐயா எழுதினதைப் படிச்சதும் நேத்து ராத்திரி கிரைபக் தீர்ப்பைத் திரும்ப எடுத்தேன். 1969, ஜம்மு காஷ்மீர்ல ஐஎஃப்எஸ்க்கு, அதாவது இந்திய வனப் பணிக்கு, ஆள் எடுக்கற போர்டு. போர்டுல ஒரு உறுப்பினர் இருக்கார், வேலைக்கு போட்டி போடறவர்லயும் அவரே இருக்கார். தன் பேர் வந்தப்ப அவர் வெளிய போயிட்டார், ஆனா போட்டியாளருங்க பேர் வந்தப்ப உள்ளயே இருந்தார். அரசாங்கம் சொல்லுது, அவர் பேருக்கு அவர் உக்காரலையே, மத்தவங்க எல்லாம் சேந்து எடுத்த முடிவுதானேன்னு. ஹெக்டே அதை ஏத்துக்கல. ஒருத்தர் உள்ள உக்காந்திருக்கறதே மத்தவங்க மனசை அசைக்கும், உண்மையில பாரபட்சம் இருந்துச்சான்னு நிரூபிக்கத் தேவையில்ல, இருக்கலாம்னு நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும்னு சொல்லி மொத்தப் பட்டியலையும் தள்ளிட்டார். நான் இதை ரெண்டு தடவை பரீட்சையில எழுதியிருக்கேன், ஆனா 1978 டிசம்பரை பக்கத்துல வெச்சு இப்பதான் படிச்சேன்.

வெள்ளிக்கிழமை செமினார்ல முதல்ல அந்தப் பத்தியை வாசிக்கப் போறேன், அப்புறம் அந்த டிசம்பர் 19 பத்தி பேசப் போறேன், ரெண்டும் ஒரே ஆளைப் பத்தினதுன்னு கடைசியிலதான் சொல்லுவேன். ஐயா, லோக்சபா நடவடிக்கைக் குறிப்புல அந்த நாள் முழு விவாதமும் இருக்கும் இல்லையா, அதை எந்தத் தலைப்புல தேடணும்னு மட்டும் சொல்றீங்களா?

செயலகம் ஓய்வு:

ஆறாவது லோக்சபா, 1978 டிசம்பர், உரிமைக் குழுவோட மூணாவது அறிக்கை மேல நடந்த விவாதம்னு தேடும்மா. அந்தத் தேதிக்கு முன்னாடி நாட்கள்லயும் பேச்சு நடந்திருக்கு, அதையும் விடாதே, இந்திரா காந்தியோட பதில் பேச்சையும் சேத்துப் படி.